ரெண்டு இட்லி சொல்ல இருபது நிமிடம்: முடிவெடுக்கத் திணறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டலில் சர்வர் வந்து நிற்கிறார். "இட்லி, பொங்கல், வடை, பூரி, தோசை, ரவா தோசை, ஊத்தப்பம், கிச்சடி" என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டு, "வேற என்ன இருக்கு?" என்கிறோம். அவரும் முகம் மாறாமல் இன்னொரு முறை ஒப்பிக்கிறார். கடைசியில் நாம் சொல்வது, "ரெண்டு இட்லி."

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். வேலையை விடுவதா, வீட்டை விற்பதா, இந்த வரனுக்குச் சரி சொல்வதா என்பதிலும் அதே ஆள் அப்படியே நின்றால் சிரிப்பு வராது. நான் அந்த ரகம். எங்கள் வீட்டில் எனக்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்றே பட்டப்பெயர். அதனால் இந்த விஷயத்தில் நான் படித்ததும் பட்டதும் கொஞ்சம் அதிகம். என்னைப் போன்றவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

முடிவெடுக்க முடியாமல் திணறுவது ஒருவகைச் சோம்பேறித்தனம்தானே?

இல்லை. சோம்பேறி அந்த விஷயத்தை நினைக்கவே மாட்டார், நிம்மதியாகத் தூங்குவார். திணறுகிறவர் ராத்திரி இரண்டு மணிக்கும் அதையே அரைத்துக்கொண்டிருப்பார். கிரைண்டர் ஓடுகிறது, மாவுதான் வரவில்லை.

தமிழில் இந்த நிலைக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. மதில்மேல் பூனை, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால், ஈரெட்டு, இரண்டு மனம், இருதலைக் கொள்ளி எறும்பு. ஆனால் இவை எல்லாம் ஒன்றல்ல. மதில்மேல் பூனை எந்தப் பக்கமும் குதிக்கலாம், அதற்கு அவசரமும் கிடையாது. இரண்டு முனையும் எரிகிற கொள்ளிக்கட்டையின் நடுவில் நிற்கும் எறும்புக்கோ எந்தப் பக்கம் போனாலும் நெருப்பு. பூனைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை. எறும்புக்கு எந்த வலியைப் பொறுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீங்கள் பூனையா எறும்பா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பூனைக்குச் சொல்லும் யோசனை எறும்புக்கு உதவாது.

அப்படியென்றால் இந்தத் திணறலுக்கு என்னதான் அர்த்தம்?

பழைய தமிழில் முடிவுக்குத் துணிவு என்று பெயர். துணிதல் என்றால் தீர்மானித்தல், தைரியம் கொள்ளுதல். அதே சொல்லுக்குத் துண்டாதல், வெட்டுப்படுதல் என்றும் பொருள் உண்டு. ஆக, ஒன்றைத் தீர்மானிக்கும்போது இன்னொன்று வெட்டுப்பட்டுக் கீழே விழுகிறது, அதைத் தாங்கத் தைரியம் வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திணறல் பெரும்பாலும் விவரம் போதாததால் வருவதில்லை என்பது என் கட்சி. கீழே விழப்போகும் துண்டைப் பார்க்க மனமில்லாததால் வருகிறது.

பல வருடங்களுக்கு முன்பு எனக்கு வேறு ஊரில் ஒரு வேலை கிடைத்தது. பதில் சொல்லப் பதினைந்து நாள் கொடுத்திருந்தார்கள். எக்ஸெலில் ஒரு அட்டவணை போட்டேன். சம்பளம், வாடகை, பிள்ளையின் பள்ளி, அம்மாவைப் பார்க்க வந்துபோகும் பஸ் கட்டணம், அந்த ஊர்த் தண்ணீரின் உப்பு வரைக்கும். பதின்மூன்றாம் நாள் அட்டவணையில் 41 வரிசை இருந்தது. பதினாறாம் நாள், "இடம் நிரப்பப்பட்டுவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தது. அதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் உணர்ச்சி வருத்தம் இல்லை, அப்பாடா என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு வெட்கப்பட்டேன். போக விருப்பமில்லை என்பது முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்கிறது. "வேண்டாம்" என்ற சொல்லை என் வாயால் சொல்லப் பயந்து, அதை அவர்கள் வாயால் சொல்லவைத்திருக்கிறேன்.

"எண்ணித் துணிக" என்றுதானே வள்ளுவர் சொன்னார்? நன்றாக யோசிப்பது தப்பா?

அந்தக் குறளை (467) நாம் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். "எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு" என்பது முழுக்குறள். இறங்கிவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்பவருக்குச் சொன்னது அது. நம்மைப் போன்றவர்களுக்கு என்று வள்ளுவர் வேறொன்று வைத்திருக்கிறார், வினைசெயல்வகை அதிகாரத்தின் முதல் குறள், 671: "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது." சூழ்ச்சி என்றால் அன்றைக்கு ஆலோசனை. இன்றைக்குச் சதித்திட்டம் ஆகிவிட்டது, பாவம் அந்தச் சொல். ஆலோசிப்பதன் எல்லை ஒரு துணிவுக்கு வருவது, வந்த துணிவைத் தாமதத்தில் கிடத்துவது தீது என்கிறார்.

அடுத்த குறள் இன்னும் சுவை. "தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை." இங்கே தூங்குதல் உறக்கம் இல்லை, தாமதித்தல். நிதானமாகச் செய்யவேண்டியதை நிதானமாகச் செய், உடனே செய்யவேண்டியதில் தாமதிக்காதே. அப்படியானால் எது எந்த வகை என்று எப்படித் தெரியும்? நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒரு பழமொழி: கறந்த பால் மடி புகாது. நிலம் விற்பது, கல்யாணம், அறுவை சிகிச்சை எல்லாம் கறந்த பால். அங்கே தூங்குக. வாடகை வீடு, செல்போன் பிளான், பிள்ளைக்குப் பாட்டு கிளாஸா கராத்தே கிளாஸா என்பவை பால் இல்லை, மாற்றிக்கொள்ளலாம். நான் செய்துவந்தது நேர் தலைகீழ். நிலத்தை அரைநாளில் விற்றுவிட்டு, செல்போன் பிளானுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டவன் நான்.

சின்னச் சின்ன விஷயத்துக்குக்கூட இவ்வளவு நேரம் ஆகிறதே, ஏன்?

ஒரு காரணம், கண்முன் கிடக்கும் எண்ணிக்கை. 2000-ல் உளவியல் ஆய்வாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்ட ஆய்வு பரவலாகத் தெரிந்ததுதான். கலிபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் ஜாம் ருசிபார்க்க மேசை போட்டார்கள். சில மணி நேரம் 24 வகை, சில மணி நேரம் 6 வகை. 24 வகை இருந்தபோது கூட்டம் அதிகம் நின்றது. ஆனால் நின்றவர்களில் வாங்கியவர்கள் 3 சதவீதம். 6 வகை இருந்தபோது 30 சதவீதம்.

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். 2010-ல் இதுபோன்ற 50 பரிசோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சராசரியாக விளைவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம் என்று வந்தது. சில இடத்தில் வகை கூடினால் திணறல், சில இடத்தில் கூடினால் சந்தோஷம். என்ன வேண்டும் என்று ஓரளவு தெரிந்து போகிறவருக்கு ஆயிரம் வகை இருந்தாலும் தொந்தரவு இல்லை.

இது நம் ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஆய்வு இல்லாமலே தெரியும். அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். ஒரு மணி நேரத்தில் கவுண்டர் முழுக்கப் புடவை மலை. அக்கா, அக்கா மாமியார், மகள் மூன்று பேருக்கும் கண் மங்கிவிட்டது. அந்தப் பகுதியில் இருந்த வயதான விற்பனையாளர் புதிதாக எதையும் எடுத்துப்போடவில்லை. ஒவ்வொன்றாக மடித்து எடுக்க ஆரம்பித்தார். மடிக்கும்போது அக்காவின் கையைக் கவனித்தார். எதை மடிக்கும்போது கை லேசாக நீண்டதோ அதைப் பேசாமல் ஓரமாக வைத்தார். பத்து நிமிடத்தில் கவுண்டரில் மூன்று மிஞ்சின: அரக்கு, மயில்கழுத்து, ஒரு மாம்பழ மஞ்சள். "இதுல எதைம்மா நான் உள்ள வச்சா உங்களுக்கு வருத்தமா இருக்கும்?" என்று கேட்டார். அக்கா மயில்கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

எது பிடிக்கிறது என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் கொஞ்சம் விவரம் சேர்த்தால் தெளிவு வந்துவிடாதா?

ஓரளவுக்கு வரும். அதற்குமேல் சேர்ப்பது தள்ளிப்போடுவதற்குப் போட்ட நல்ல வேஷம்.

நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ தன் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். மூளையின் முன்பகுதியில் பாதிப்பு, அறிவுக்கூர்மையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதி சொல்லி, எது வசதி என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் டைரியை எடுத்து, வேறு வேலை, வானிலை என்று இரண்டு தேதிக்கும் சாதகபாதகங்களை அடுக்கிக்கொண்டே போனார். கிட்டத்தட்ட அரைமணி நேரம். கடைசியில் டமாசியோ, "இரண்டாவது தேதியில் வாருங்கள்" என்றதும், "சரி" என்று டைரியை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்குத் தர்க்கத்தில் குறையில்லை. இது போதும், நிறுத்து என்று உள்ளிருந்து இழுக்கும் உணர்ச்சிதான் வேலை செய்யவில்லை. "உணர்ச்சிவசப்படாமல் முடிவெடு" என்று அறிவுரை சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டைரி ஞாபகம் வரும்.

இரண்டுமே நல்லதாக இருந்தால் ஏன் இன்னும் கஷ்டமாக இருக்கிறது?

ஒன்று மோசம் என்றால் கேள்வியே இல்லையே. இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் எதை விட்டாலும் நல்லதை விடுகிறோம். இதை நற்றிணையில் 284-ஆம் பாட்டு சொன்ன அளவுக்கு வேறு யாரும் சொல்லவில்லை. பொருள் தேடிப் போனவன் வழியில் நிற்கிறான். நெஞ்சு, திரும்பிப் போய் அவள் வருத்தத்தைத் தீர்ப்போம் என்கிறது. அறிவு, எடுத்த வேலையை நடுவில் விட்டால் இகழ்ச்சி, கொஞ்சம் பொறு என்கிறது. இரண்டு யானைகள் இரண்டு பக்கமும் பற்றி இழுக்கும் புரி தேய்ந்த பழைய கயிறு போல என் உடம்பு அழிந்துவிடுமோ என்கிறான். பாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது, அவன் போனானா திரும்பினானா என்று சொல்லவில்லை. எழுதியவரின் இயற்பெயரும் நமக்குத் தெரியாது, அந்த உவமையாலேயே தேய்புரிப் பழங்கயிற்றினார் என்கிறோம்.

அவன் அழியும் என்று பயப்படுவது மனசை இல்லை, உடம்பை. முடிவெடுக்காமல் மாதக்கணக்கில் கிடந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். வயிறு எரிச்சல், தூக்கமின்மை, பிடரி வலி என்று கதை கதையாக வரும்.

ஒரு நடைமுறை ஆறுதலும் உண்டு. இரண்டும் உண்மையிலேயே சமம் என்றால், எதை எடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. கஷ்டமான முடிவெல்லாம் முக்கியமான முடிவு என்று நினைத்துவிடுகிறோம். பல நேரம் அது கஷ்டமாக இருப்பதே, இரண்டுக்கும் வித்தியாசம் மயிரிழை என்பதால்தான்.

நல்லது, கெட்டது என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்க்கலாமா?

எழுதலாம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1772-ல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் சொன்னார். தாளின் நடுவில் கோடு, இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம், மூன்று நான்கு நாள் விட்டு விட்டு எழுதி, எடை சமமாக இருப்பவற்றை அடித்துக்கொண்டே வருவது. அந்த மூன்று நான்கு நாள்தான் இதில் முக்கியம். ஒரே உட்காரலில் எழுதினால் அன்றைய மனநிலைதான் பட்டியலாகும்.

சார்லஸ் டார்வின் 1838-ல் கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று இப்படி எழுதிய தாள் இன்றைக்கும் இருக்கிறது. வேண்டாம் பக்கத்தில் நேரம் வீணாகும், புத்தகத்துக்குக் காசு குறையும் என்றெல்லாம் இருக்கிறது. வேண்டும் பக்கத்தில், முதுமைவரை ஒரு துணை, எப்படியும் நாயைவிட மேல் என்று ஒரு குறிப்பு! கீழே, கணக்கு நிரூபணமானதுபோல "கல்யாணம் செய்துகொள்" என்று முடிக்கிறார். 1839 ஜனவரியில் எம்மாவைக் கைப்பிடித்தார். பட்டியலைப் படித்தால், எழுத உட்காரும்போதே ஆசை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது தெரிகிறது. அதுவும் பிரயோஜனம்தான். எந்தப் பத்தியை நிரப்பும்போது உங்கள் கை வேகமாக ஓடுகிறது என்று பாருங்கள்.

பூக்கட்டிப் பார்ப்பது, சீட்டுக் குலுக்குவது எல்லாம் மூடநம்பிக்கை இல்லையா?

நம்பிக்கை இருப்பவருக்கு அது சாமி வாக்கு, அதில் நான் தலையிட மாட்டேன். இல்லாதவருக்கும் அது ஒரு நல்ல கருவி என்றே நினைக்கிறேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிச் சன்னிதியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்கிறோம். பொட்டலம் பிரிகிற அந்த அரை விநாடியில் மனசு "வெள்ளையா இருக்கணுமே" என்று துடிக்கிறது இல்லையா, அதுதான் பதில். பூ அப்புறம். இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினாலும் பதில் கிடைத்துவிட்டது.

பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் இதை இணையத்தில் பெரிய அளவில் செய்து பார்த்தார். வேலையை விடுவதா, உறவை முறிப்பதா என்று தவிப்பவர்கள் வந்து நாணயம் சுண்டினார்கள். 20,000-க்கும் மேற்பட்ட சுண்டல்கள். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள், இருந்தபடியே இருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். நாணயம் சுண்ட வரும் அளவுக்கு ஏற்கெனவே தவித்தவர்கள் அவர்கள் என்பதை மறக்கவேண்டாம். எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றரை வருடமாக ராஜினாமாக் கடிதத்தை டிராஃப்டில் வைத்திருப்பவர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நாலு பேரைக் கேட்டு முடிவெடுப்பது நல்லதுதானே?

யார் அந்த நாலு பேர் என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே அதைச் செய்தவர் ஒருவர், முடிவின் பாரத்தைச் சுமக்கப்போகிறவர் ஒருவர். இவர்கள் இருவரையும் கட்டாயம் கேட்க வேண்டும். மற்றவர்கள் சொல்வது பெரும்பாலும் அவர்கள் பயம்.

அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை செய்வதா என்று எங்கள் வீட்டில் எட்டு மாதம் ஓடியது. மூன்று டாக்டர், சித்தப்பா, இரண்டு அத்தைகள், ஒரு பிசியோதெரபிஸ்ட், பக்கத்து ஊர் வைத்தியரைத் தெரிந்த அபார்ட்மென்ட் வாட்ச்மேன். ஆளுக்கொரு அபிப்பிராயம். ஒரு சாயங்காலம் இந்த மாநாடு நடந்துகொண்டிருக்கும்போது அம்மா குறுக்கே பேசினாள். "மாடிப்படி ஏறி வடாம் போட முடியுமான்னு டாக்டரைக் கேளு. எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்." கேட்டோம். படி ஏறலாம், ஆனால் தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது என்றார். அம்மா ஒருநாள் யோசித்தாள். "சரி, ஸ்டூல் போட்டுக்கறேன்." முடிந்தது. எட்டு மாதமாக அந்த முட்டிக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

எடுத்த முடிவு தப்பாகிவிட்டால்?

ஆகலாம். உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990-களில் வருத்தங்களை ஆராய்ந்தபோது ஒரு வித்தியாசத்தைக் கண்டார்கள். கொஞ்ச நாள் வரைக்கும் செய்ததைப் பற்றிய வருத்தம் பெரிதாகத் தெரிகிறது. வருடங்கள் போகப்போக, செய்யாமல் விட்டதைப் பற்றிய வருத்தம் அதை முந்துகிறது. செய்து கெட்டதற்கு ஒரு கதை இருக்கிறது, சொல்லிச் சிரித்துத் தீர்த்துவிடலாம். செய்யாததற்கு முடிவே கிடையாது, எப்படியெல்லாம் நடந்திருக்கும் என்று கற்பனை வளர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்று. முடிவு நல்லதா என்பதும் பலன் நல்லதா என்பதும் வேறு வேறு. மழை வராது என்று பார்த்துத்தான் நெல்லைக் காயப்போட்டீர்கள், திடீர் மழை வந்து நனைந்துவிட்டது என்றால் காயப்போட்டது தப்பான முடிவு ஆகிவிடாது.

முடிவெடுத்த பிறகும் மனசு அரிக்கிறதே?

பின்வாங்கும் கதவு திறந்திருந்தால் அப்படித்தான் அரிக்கும். ஹார்வர்டில் உளவியல் ஆய்வாளர்கள் டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் ஒரு புகைப்பட வகுப்பு நடத்தி, மாணவர்கள் தாங்களே எடுத்துப் பிரதி போட்ட இரண்டு படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு, கொடுத்தது கொடுத்ததுதான். இன்னொரு பிரிவினர் சில நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ள வழியிருந்தவர்களுக்குத்தான் தங்கள் படம் குறைவாகப் பிடித்தது.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறிய 2018-லிருந்து வருடாவருடம் பல வீடுகளில் இந்த நாடகம் நடக்கிறது. முன்பு நேரில் போய், திரையைப் பார்த்துச் சில நிமிடத்தில் கல்லூரியைச் சொல்லிவிட்டு வரவேண்டும். இப்போது வீட்டிலிருந்தே விருப்பப் பட்டியல் போடலாம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பதா (இதுதான் 'அப்வர்ட்'), மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதா என்று மறுபடி கேள்வி. 'அப்வர்ட்' கொடுத்துவிட்டு ஒரு குடும்பமே சாப்பாடு இறங்காமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பட்டியல் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் தப்பு நிறைய நடக்கிறது. "இது எப்படியும் கிடைக்கும்" என்று ஒரு கல்லூரியை மேலே போட்டு, உண்மையில் ஆசைப்பட்டதைக் கீழே போடுகிறார்கள். ஒதுக்கீடு மேலிருந்து கீழேதான் பார்த்துக்கொண்டு வரும். கிடைப்பது மேலே இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும், ஆசைப்பட்டது கீழே அப்படியே கிடக்கும். ஆசையை மேலே போடுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. எது கிடைக்கும் என்ற ஜோசியத்தை விட்டு, எது வேண்டும் என்ற வரிசையில் போட்டால் போதும். பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிகிறது. பெற்றோருக்குத்தான் ஒரு ராத்திரி ஆகிறது.

எல்லாவற்றிலும் சிறந்ததையே தேடுவது நல்ல பழக்கம்தானே?

நேரமும் காசும் உடம்பும் இருந்தால் தேடுங்கள். இல்லாதவர்களுக்கு அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956-லேயே ஒரு வழி சொல்லிவிட்டார். இன்னது இருந்தால் போதும் என்று முதலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டும் முதல் பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது. 1978-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோட்டை எவ்வளவு உயரத்தில் போடுவது என்பது உங்கள் இஷ்டம். கடைக்குப் போவதற்கு முன்பு போடவேண்டும், அவ்வளவுதான்.

காலையில் முடிவெடுப்பது நல்லதா, ராத்திரியிலா?

பசி இல்லாதபோது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

முன்பு சாதாரணமாக முடிவெடுத்துக்கொண்டிருந்தவர், இரண்டு வாரத்துக்கு மேலாக என்ன உடுத்துவது, என்ன சமைப்பது என்பதிலேயே நின்றுபோனால், கூடவே தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அது குணம் இல்லை. மனச்சோர்வு நோயின் அறிகுறிப் பட்டியலில் முடிவெடுக்க முடியாமை வெளிப்படையாகவே இருக்கிறது. கதவைப் பூட்டினோமா என்று பத்து முறை திரும்பிப் போகிற மாதிரியான சந்தேகமும் மருந்துக்கும் சிகிச்சைக்கும் கட்டுப்படுவதுதான். "மனசைத் திடமா வச்சுக்கோ" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அந்த நிலையில் இருக்கும்போது வேலையை விடுவது, வீட்டை விற்பது போன்ற கறந்த பால் முடிவுகளை முடிந்தவரை ஒத்திப்போடுங்கள்.

குழந்தைகளை எப்படிப் பழக்குவது?

எனக்குத் தெரிந்த ஒரே பாடம், என் தம்பி மகனை எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்குக் கூட்டிப்போன கதை. ஆறு வயது. கையில் பத்து ரூபாய். கண்ணாடி ஜாடி வரிசை முன்னால் நின்றான். கடலை மிட்டாய், தேன் மிட்டாய், கமர்கட், எள்ளுருண்டை. ஒவ்வொரு ஜாடியாக விரல் வைத்துக்கொண்டே போய்க் கடைசியில் இருந்து திரும்பி வந்தான். எனக்குப் பின்னால் சிகரெட்டுக்கு ஒருவர், பால் பாக்கெட்டுக்கு ஒருவர். "சீக்கிரம்டா, கமர்கட் வாங்கிக்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையமர்த்திவிட்டு, மற்ற இரண்டு பேருக்கும் கொடுத்து முடித்து, மறுபடி பையன் பக்கம் குனிந்தார். "நீ சொல்லு, தம்பி."

கடலை மிட்டாய் வாங்கினான். நாலு அடி நடந்ததும் நின்று, தேன் மிட்டாய் ஜாடியைத் திரும்பிப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. என் பையில் இன்னொரு பத்து ரூபாய் இருந்தது, கையும் போய்விட்டது. எப்படியோ அடக்கிக்கொண்டேன். வீடு வரும்வரை ஒன்றும் பேசாமல் கடலை மிட்டாயை ஓரமாகக் கடித்துக்கொண்டே வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நாளைக்குத் தேன் மிட்டாய்" என்றான்.

மறுநாள் போனபோது கமர்கட் வாங்கினான்.